உதவியும் அதிகாரமும் ஒரே கையில்: சமூகப்பணி, குற்றவியல் நீதித் துறைகளுக்கு வரும் மாணவர்கள்

சமூகப்பணி வகுப்பிலும் சரி, குற்றவியல் வகுப்பிலும் சரி, "ஏன் இந்தப் படிப்பை எடுத்தீர்கள்?" என்று முதல் வாரத்தில் கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணெதிரே நடந்த ஒரு அநியாயத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் சிலர். தன் குடும்பத்துக்கு ஒரு நெருக்கடி வந்தபோது கைகொடுத்த ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு, அவரைப் போல ஆக வந்தவர்கள் சிலர். துப்பறியும் தொடர்களைப் பார்த்துவிட்டு, குற்றவாளியின் மனதைப் படித்துவிடலாம் என்ற ஆர்வத்தில் சேர்ந்தவர்களும் இருப்பார்கள். இந்தக் கடைசி வகையினரைக் கிண்டலாகப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது தேவையில்லை என்பது என் கருத்து. எதைப் பார்த்து வந்தால் என்ன, உள்ளே வந்தபின் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் போதும்.

வேலை எப்படிப்பட்டது? தொடர் கொலைகாரன் ஒருவனைக்கூடச் சந்திக்காமலே முழுப் பணிக்காலத்தையும் முடித்து ஓய்வு பெற்றுவிடலாம். அன்றாடம் எதிரே வந்து உட்காருபவர்கள் வேறு ஆட்கள். குடித்துவிட்டு அடிதடியில் இறங்கியவர், போதைக்காகச் சின்னத் திருட்டுகள் செய்பவர், பள்ளியை விட்டு நின்றுபோன பையன், ஜாமீன் கிடைத்தும் போய்த் தங்க ஒரு முகவரி இல்லாததால் உள்ளேயே கிடப்பவர், மனநோய்க்கான மாத்திரையை நிறுத்திவிட்டுக் காவல் நிலையம் வந்து சேர்ந்தவர், கணவனின் அடிக்குப் பயந்து புகார் கொடுக்க வந்து, பாதியில் புகாரைத் திரும்பப் பெறுபவர். இதே ஆட்களை மருத்துவமனையிலும் பார்க்கலாம், பள்ளி ஆலோசகரின் அறையிலும் பார்க்கலாம், வீடற்றோர் விடுதியிலும் பார்க்கலாம். சமூகப்பணியும் குற்றவியல் நீதியும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையோடு வெளியே விடப்பட்டவரை மேற்பார்வையிடும் நன்னடத்தை அலுவலர், சிறைச் சமூகப்பணியாளர், சிறார் இல்ல ஆற்றுப்படுத்துநர், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்பவர், விடுதலையான பிறகு வேலையும் வீடும் தேடிக் கொடுப்பவர் என இடையில் இருக்கும் வேலைகளுக்கு இரண்டு பக்கத்துப் பட்டதாரிகளும் வருகிறார்கள்.

ஆனால் இந்த இடைப்பட்ட வேலைகளில், வெளியிலிருந்து பார்க்கும் மாணவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இங்கே உதவி செய்பவர் கையிலேயே அதிகாரமும் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் தானாக விரும்பி வந்தவரில்லை. நீதிமன்றம் அனுப்பியதால் வந்திருக்கிறார். நீங்கள் அவருக்கு வேலை தேடித் தருவீர்கள், அவர் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க அலைவீர்கள். அடுத்த வாரம் அவர் நிபந்தனையை மீறினால், "மீறினார்" என்று எழுதி அனுப்புவதும் நீங்கள்தான். அந்த ஒரு வரியில் அவர் சிறைக்குப் போகலாம். உதவி செய்யும் ஆசை மட்டும் இருந்து, இந்தப் பாதியைப் பார்க்காமல் வருகிறவர்கள்தான் முதல் இரண்டு வருடங்களில் நொந்துபோகிறார்கள்.

இந்த இரட்டை வேடம் இன்று நேற்று வந்ததில்லை. பாஸ்டன் நகரத்தில் ஜான் அகஸ்டஸ் என்று ஒரு செருப்புத் தொழிலாளி இருந்தார். சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தவர். 1841இல் ஒருநாள், குடித்துவிட்டு வழக்கில் மாட்டிய ஒருவரைத் தன் பொறுப்பில் ஜாமீனில் எடுத்தார். மூன்று வாரம் கழித்து அந்த ஆள் தெளிந்த முகத்தோடு நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி சிறைக்கு அனுப்பாமல் ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் மட்டும் விதித்தார். அகஸ்டஸ் அதோடு நிற்கவில்லை. 1859இல் இறப்பதற்குள் கிட்டத்தட்ட 2,000 பேரைத் தன் பொறுப்பில் எடுத்தார். எல்லோரையும் எடுத்தார் என்று நினைக்க வேண்டாம். ஆள் யார், முன்பு எப்படி இருந்தான், இனி யாரோடு இருப்பான் என்றெல்லாம் விசாரித்து, தேறுவான் என்று தோன்றியவரைத்தான் எடுத்தார். பிறகு நீதிமன்றத்துக்கு அவரைப் பற்றித் தகவல் சொன்னார். விசாரணை, தேர்வு, மேற்பார்வை, அறிக்கை என இன்றைய நன்னடத்தை அலுவலரின் வேலை முழுதும் அதில் அப்படியே இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: அவருக்குச் சம்பளம் கிடையாது. மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்கென்று முதல் சட்டம் கொண்டுவந்தது 1878இல், அவர் இறந்து 19 வருடம் கழித்து.

இங்கிலாந்தில் கதை கொஞ்சம் வேறு மாதிரி போனது. 1876இல் ஃப்ரெடெரிக் ரெய்னர் என்ற அச்சகத் தொழிலாளி, குடியால் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் மாறி மாறிப் போய்வருபவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று திருச்சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பினார். அந்தச் சங்கம் நீதிமன்றங்களில் ஊழியர்களை உட்கார வைத்தது. 1907இல் வந்த நன்னடத்தைச் சட்டம் அந்த வேலையை அரசு அங்கீகாரம் பெற்ற பதவியாக்கியது. ஆலோசனை சொல், உதவு, நண்பனாக இரு என்பதுதான் அலுவலருக்கு அந்தச் சட்டம் சொன்ன கடமை. நண்பனாக இருக்கச் சொல்லி ஒரு சட்டம்! அதே சட்டம்தான் நிபந்தனையைக் கடைப்பிடிக்கிறானா என்று பார்த்து நீதிமன்றத்துக்குச் சொல்லவும் சொன்னது.

சிகாகோவில் 1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கிய ஹல் ஹவுஸ், குடியேறிய ஏழைத் தொழிலாளர்கள் நடுவில் படித்த பெண்கள் குடியிருந்து வேலை செய்த இடம். சிறுவர்களைப் பெரியவர்களோடு ஒரே சிறையில் அடைப்பதை எதிர்த்து, அந்த வட்டத்தைச் சேர்ந்த பெண்கள் விடாமல் போராடினார்கள். 1899இல் அதே நகரத்தில் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் திறந்தது. அங்கே நன்னடத்தை அலுவலர்கள் இருக்கலாம் என்று சட்டம் சொன்னது, ஆனால் அவர்களுக்கு அரசுப் பணத்தில் சம்பளம் தர அனுமதிக்கவில்லை. நன்கொடை திரட்டித்தான் சம்பளம் கொடுத்தார்கள். சமூகப்பணியும் நீதித்துறையும் ஒரே கூரைக்குள் வந்தது அப்படித்தான்.

நல்ல நோக்கம். நல்ல மனிதர்கள். அப்புறம் என்ன ஆனது என்பதைத்தான் மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சிறார் நீதிமன்றம் தண்டிக்க வந்ததில்லை, திருத்த வந்தது. நீதிபதி தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவர். ஆகவே வக்கீல் எதற்கு, சாட்சி விசாரணை எதற்கு, பதிவேடு எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கழன்றுபோனது. 1964இல் அரிசோனாவில் ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையன், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாகப் பிடிபட்டான். பெற்றோர் வேலைக்குப் போயிருந்தபோது கூட்டிப் போனார்கள், வீட்டில் ஒரு தகவல்கூட விட்டுச் செல்லவில்லை. புகார் கொடுத்த பெண் நீதிபதி முன் வரவே இல்லை. விசாரணையில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைக்கவும் இல்லை. கடைசியில் 21 வயது வரை, அதாவது அதிகபட்சம் ஆறு வருடம், சீர்திருத்தப் பள்ளியில் இருக்க வேண்டும் என்று உத்தரவானது. இதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த உத்தரவு செல்லாது என்றது. என்ன குற்றச்சாட்டு என்று முன்கூட்டியே சொல்லப்படும் உரிமை, வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை, தனக்கு எதிராகத் தானே பேசாமல் இருக்கும் உரிமை, எல்லாம் சிறுவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது.

"உன் நல்லதுக்குத்தான் செய்கிறேன்" என்று சொல்பவரைக் கட்டுப்படுத்த ஆள் இல்லாவிட்டால், தண்டிக்க வந்தவரைவிட அவர் அதிகம் பறித்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு கிடைப்பது கஷ்டம். சமூகப்பணி மாணவர்களுக்கு உரிமைச் சட்டம் எதற்கு, அது வக்கீல்கள் பாடு என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வழக்கு போதும்.

சில நாடுகளில் சமூகப்பணியாளர் நீதிபதி ஆசனத்திலேயே உட்காருகிறார். இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி அமையும் இளைஞர் நீதிக் குழுமத்தில் மூன்று பேர்: ஒரு நடுவர் (மாஜிஸ்திரேட்), இரண்டு சமூகப்பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அங்கே சமூகப்பணியாளர் ஆலோசனை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. முடிவில் அவருக்கும் பங்கு உண்டு.

உதவியா கட்டுப்பாடா என்ற கேள்விக்கு ஒரே தீவில் இருக்கும் இரண்டு பகுதிகள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. ஸ்காட்லாந்து 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நன்னடத்தைப் பணியை உள்ளாட்சிகளின் சமூகப்பணித் துறைக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்றும் அங்கே குற்றம் செய்தவரை மேற்பார்வையிடுவது சமூகப்பணியாளர்தான். இங்கிலாந்தும் வேல்ஸும் 1990களின் நடுவில் எதிர்த் திசையில் போயின. நன்னடத்தை அலுவலருக்குச் சமூகப்பணிப் பட்டயம் தேவை என்ற விதியையே எடுத்துவிட்டு, பொதுமக்கள் பாதுகாப்பு, தண்டனையை நிறைவேற்றுதல் என்ற பக்கம் பணியைத் திருப்பின. ஆக, மேற்பார்வைக்கு வருபவரைச் சந்திக்கும் அலுவலர் எந்தக் கல்லூரியில் என்ன படித்துவிட்டு வந்திருப்பார் என்பது எல்லையின் எந்தப் பக்கம் வழக்கு நடக்கிறது என்பதைப் பொறுத்தது. படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: தான் விரும்பும் பதவிக்குத் தன் நாட்டில் எந்தப் பட்டம் கேட்கிறார்கள்? கல்லூரியின் விளம்பரத்தில் "நீதித்துறையில் வாய்ப்புகள்" என்று பொதுவாக இருக்கும். அதை நம்பிச் சேர்ந்துவிட்டு, மூன்றாம் வருடத்தில் அந்தப் பதவிக்குச் சமூகப்பணிப் பட்டமும் சமூகப்பணியாளர் என்ற தொழில்முறைப் பதிவும் வேண்டும் என்று கண்டுபிடிப்பது வீண் அலைச்சல்.

இனி, அன்றாட வேலை. இந்தத் துறையில் பாதி நேரம் எழுதுவதில்தான் போகிறது. யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. தண்டனை விதிப்பதற்கு முன் அந்த நபரின் பின்னணியை விசாரித்து நீதிமன்றத்துக்கு ஒரு அறிக்கை போகும். பெரியவர்கள் வழக்கில் பல நாடுகளில் இது நடைமுறை. சிறார் வழக்கில், சில்லறைக் குற்றங்கள் தவிர மற்ற எல்லாவற்றிலும் இப்படி விசாரித்தே ஆகவேண்டும் என்று 1985இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற பெய்ஜிங் விதிகள் சொல்கின்றன. அந்த அறிக்கையில் ஒரு வரி எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள்.

ஒரு பையனின் வீட்டுக்கு விசாரணைக்குப் போன பயிற்சி மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "தாய் ஒத்துழைக்கவில்லை. மகன் மீது அக்கறை இல்லாதவராகத் தெரிகிறார்." மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, "என்ன பார்த்தீங்க?" என்று கேட்கிறார். மூன்று முறை போனேன், மூன்று முறையும் வீடு பூட்டியிருந்தது என்கிறார் மாணவர். எந்த நேரம் போனீங்க? காலை பதினோரு மணி. அம்மா என்ன வேலை? இரவு நேரத் துப்புரவு வேலை. அதை முடித்துவிட்டுப் பகலில் இன்னொரு இடத்தில் வேலை. இப்போது அந்த வரி மாறுகிறது: "மூன்று முறை முற்பகலில் சென்றபோது வீடு பூட்டியிருந்தது. தாய் இரவிலும் பகலிலுமாக இரண்டு இடங்களில் வேலை செய்கிறார். மாலையில் சந்திக்க ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது." முதல் வரியைப் படிக்கும் நீதிபதி, வீட்டில் கவனிக்க ஆள் இல்லை, பையனை இல்லத்துக்கு அனுப்பலாம் என்று நினைக்கலாம். இரண்டாவதைப் படித்தால், மாலை நேரத்தில் பையனைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடு இருந்தால் போதுமே என்று தோன்றலாம். பார்த்ததை ஒரு பக்கமும் அதிலிருந்து ஊகித்ததை மறுபக்கமும் பிரித்து எழுதக் கற்றுக்கொள்வதற்கே ஒரு பருவம் போதாது. பாடத்திட்டங்களில் இதற்குக் கொடுக்கும் இடம் மிகக் குறைவு என்பது என் ஆதங்கம்.

அடுத்த சிக்கல் ரகசியம். ஒரு பெண்ணோ பையனோ மனம் திறக்கும் தருவாயில், "இதை யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கதானே?" என்று கேட்பது வழக்கம். புதிதாக வந்த மாணவருக்கு "சொல்லமாட்டேன்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் மாட்டிக்கொண்டார். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியாக வேண்டும். தன்னையோ வேறொருவரையோ கொல்லப்போவதாகச் சொன்னாலும் அப்படித்தான். நன்னடத்தை மேற்பார்வையில் இன்னும் பல விஷயங்கள் அறிக்கைக்குள் போகும். வேறொருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் அவரைக் காக்க எதுவும் செய்யாமல் இருந்தால், சிகிச்சை அளிப்பவரே பொறுப்பாகலாம் என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. அதனால்தான் அனுபவசாலிகள் முதல் சந்திப்பின் முதல் சில நிமிடங்களிலேயே எதைக் காப்பேன், எதைக் காக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டபின் எதிரில் இருப்பவர் சிலவற்றைச் சொல்லாமல் விடலாம். விடட்டும். அது அவர் உரிமை.

சரி, இவ்வளவு செய்து ஆட்கள் திருந்துகிறார்களா? இந்தக் கேள்வி துறையையே ஒருமுறை ஆட்டிவிட்டது. 1974இல் ராபர்ட் மார்ட்டின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தானும் சகாக்களும் 231 ஆய்வுகளை அலசியதை வைத்து, சீர்திருத்த முயற்சிகள் மறுபடி குற்றம் செய்வதைக் குறைத்ததாகப் பெரிதாக எதுவும் தெரியவில்லை என்று எழுதினார். கடுமையான தண்டனை கேட்டவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சீர்திருத்தம் என்ற பெயரில் ஆட்களைக் காலவரையறை இல்லாமல் அடைத்து வைப்பதை எதிர்த்தவர்களும் பிடித்துக்கொண்டார்கள். 1979இல் அவரே தன் முடிவைத் திருத்தி, சில முயற்சிகள் பலன் தருகின்றன என்று எழுதினார். அதைப் படித்தவர்கள் குறைவு.

பிறகு கனடாவில் ஆண்ட்ரூஸ், போண்டா முதலான உளவியலாளர்கள் 1990 வாக்கில் வகுத்த அணுகுமுறை இன்று பல நாடுகளில் மேற்பார்வையின் அடித்தளம். மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு அதிகமுள்ளவருக்கு அதிக உதவி, குற்றத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள தேவைகளில் கவனம், ஆளுக்கு ஏற்ற முறை என்பது அதன் சாரம். இதில் மாணவர்களைத் திடுக்கிட வைக்கும் பகுதி ஒன்று உண்டு. மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு குறைந்தவரைத் தீவிரத் திட்டங்களில் சேர்த்தால் அவர் கெட்டுப்போகும் வாய்ப்பு கூடலாம். காரணம் யோசித்தால் புரியும்: வேலைக்கும் பள்ளிக்கும் போகும் நேரம் குறைகிறது, பழக்கம் எல்லாம் பெரிய குற்றம் செய்தவர்களோடு ஆகிறது. எல்லோருக்கும் முடிந்தவரை உதவலாம் என்று வந்த மனதுக்கு, சிலரைச் சும்மா விடுவதுதான் உதவி என்று ஏற்றுக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை.

பிள்ளைகளைச் சிறைக்குக் கூட்டிப்போய்ப் பயமுறுத்தும் திட்டங்கள் இன்னொரு உதாரணம். 1970களில் நியூஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் பதின்பருவப் பிள்ளைகளை உட்காரவைத்து, உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று கத்தி மிரட்டிப் புத்தி சொன்னார்கள். தொலைக்காட்சி அதை ஊரெங்கும் கொண்டுபோனது. பல மாநிலங்கள் காப்பியடித்தன. பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். குலுக்கல் முறையில் பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்த குழுதான் பிறகு அதிகமாகக் குற்றம் செய்திருந்தது. ஆய்வுமுறை, புள்ளியியல் என்றாலே ஓடும் மாணவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும். உதவியா கெடுதலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத இடங்கள் இந்தத் துறையில் நிறைய.

பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் வேலைகள் இதிலிருந்து சற்று மாறுபட்டவை. அங்கே அதிகாரம் குறைவு, காத்திருப்பு அதிகம். வழக்கு தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் அவரோடு நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் முயற்சிகளும் உண்டு. 1974இல் கனடாவின் எல்மைராவில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் நாசம் செய்தபோது, பாதிக்கப்பட்டவர்களை நேரில் போய்ப் பார்க்க வைக்கலாமே என்று நீதிபதியிடம் யோசனை சொன்னவர் ஒரு நன்னடத்தை அலுவலர். இருவரும் வீடு வீடாகப் போய் முகம் பார்த்துப் பேசி, நஷ்டத்தை ஈடுகட்டினார்கள். நியூசிலாந்து 1989இல், குற்றம் செய்த சிறுவரின் குடும்பமும் பாதிக்கப்பட்டவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் குடும்பக் கூட்டங்களைச் சிறார் சட்டத்தின் மையத்திலேயே வைத்தது. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழக்கங்களும், தங்கள் பிள்ளைகளை அரசு பிரித்துக்கொண்டுபோவதற்கு அவர்கள் காட்டிய எதிர்ப்பும் அதன் பின்னணியில் இருந்தன.

படிப்பு என்று பார்த்தால், குற்றவியல் பட்டம் பெரும்பாலும் கோட்பாடு, சட்டம், ஆய்வு என்று போகும். சமூகப்பணிப் பட்டம் களப்பணியில் நிற்கிறது. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சமூகப்பணிப் படிப்புகளில் இளங்கலைக்குக் குறைந்தது 400 மணி நேரம், முதுகலைக்கு 900 மணி நேரம் களத்தில் இருந்தாக வேண்டும். களப்பணி இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிறுவனத்தின் பெயரைவிட, வாராவாரம் உங்களோடு உட்கார்ந்து பேசப்போகும் மேற்பார்வையாளர் யார், அவர் கையில் எத்தனை வழக்குகள் இருக்கின்றன என்று விசாரிப்பது நல்லது. கழுத்துவரை வழக்குகளில் மூழ்கியவருக்கு உங்கள் அறிக்கையை வரி வரியாகப் படிக்க நேரம் இருக்காது. மற்றவர்களின் துயரக் கதைகளை நாள் முழுதும் கேட்பதால் வரும் சோர்வைப் பேசவும் அந்த மேற்பார்வை நேரம்தான் இடம், குறிப்பாகத் தன் வாழ்வில் பட்ட அடியினாலேயே இந்தத் துறைக்கு வந்த மாணவர்களுக்கு. தன் கதையை ஒத்த வழக்கு ஒன்று கட்டாயம் ஒருநாள் கைக்கு வரும். அன்று அந்த வழக்கை வேறொருவரிடம் மாற்றித் தரும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தானே சட்டத்தோடு மோதியவர்களும் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். சிறையிலிருந்து வெளியே வந்து, உள்ளே இருப்பவர்களுக்காக வேலை செய்ய விரும்புபவர்கள். அவர்கள் சொல்வதைக் கைதிகள் கேட்கும் விதமே வேறு. ஆனால் களப்பணிக்கும் பதிவுக்கும் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. குற்றம் என்ன, எவ்வளவு காலம் ஆயிற்று, அதற்குப் பிறகு எப்படி இருந்தார் என்று பார்த்து அனுமதிக்கும் இடங்களும் உண்டு. குழந்தைகள் தொடர்பான பணிகளில் கதவையே மூடிவிடும் இடங்களும் உண்டு. பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது என்பதால் பதிவு வாரியமும் ஏற்கும் என்று ஆகாது. சிறை நிர்வாகம் களப்பணிக்கு உள்ளே விடுமா என்பது மூன்றாவது கேள்வி. இந்த மூன்று இடங்களிலும் தனித்தனியாக, முதல் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.